சுண்ணாம்புத் தெளிவு

ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சொட்டுச் சத்தம் கேட்கும். புதிதாக வந்து தங்கும் உறவுக்காரர்கள் குழாய் ஒழுகுகிறது என்று எழுந்துபோய்ப் பார்ப்பார்கள். ஒழுகுவது மருந்துக் கடையில் வாங்கிய குளுக்கோஸ் ட்யூப். அதன் மேல் முனை இரண்டு லிட்டர் கேன் ஒன்றில் இருக்கிறது. கீழ் முனை நாலடிக் கண்ணாடித் தொட்டிக்கு மேல் தொங்குகிறது. வினாடிக்கு ஒரு சொட்டு. கேனில் இருப்பது சுண்ணாம்புத் தெளிநீர், தொட்டியில் இருப்பது கடல். "மீனுக்கு டிரிப்ஸ் ஏத்துற வீடு" என்றுதான் அரியூரில் எங்கள் வீட்டுக்கு அடையாளம் சொல்கிறார்கள்.

எனக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். வில்லியனூர், அரியூர், திருபுவனை வட்டாரத்துக் கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் புகைந்தால் என்னிடம் வரும். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் கிடையாது. புதுச்சேரி - விழுப்புரம் சாலையில் உள்நாட்டுப் பக்கம் இருக்கிற கிராமம் இது. இங்கே வீட்டுக்குள் உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடமாகக் கிறுக்குப் பட்டம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கிறுக்கு எங்கிருந்து தொடங்கி, எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதைத்தான் எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் மீனைவிடச் சுண்ணாம்புதான் அதிகம் வருகிறது.

அப்பாவுக்கு அரியூர் சர்க்கரை ஆலையில் வேலை. கரும்பைப் பிழிந்த சாறு கலங்கலாக, லேசான புளிப்போடு, பச்சையும் பழுப்புமாக இருக்கும். அதில் சுண்ணாம்புப் பால் விட்டுக் காய்ச்சினால் அழுக்கெல்லாம் திரண்டு அடியில் தங்கும், மேலே தெளிந்த சாறு நிற்கும். அப்பாவின் வேலை அந்தச் சுண்ணாம்புப் பக்கம். வீட்டுக்கு வரும்போது கை வெடித்திருக்கும், சட்டை விளிம்பு வெளுத்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "கூடினா சாறு கறுக்கும், கொறஞ்சா புளிக்கும், ரெண்டுக்கும் நடுவுலதான்டா சர்க்கரை" என்பார். பின்னாளில் தொட்டிக்குச் சுண்ணாம்பு விடும்போது அந்தக் கணக்குதான் கைகொடுத்தது.

1974-இல் அவர் ராமேஸ்வரம் போய்விட்டு வந்தார். கோயில் தீர்த்தம், சங்கு, பனங்கற்கண்டு ஆகியவற்றோடு ஒரு வெள்ளைப் பவளமும் வந்தது. இரண்டு கைப்பிடி அளவு, மான்கொம்பு மாதிரி கிளைகிளையாக இருக்கும். அந்தக் காலத்தில் ராமேஸ்வரம் போன வீடு எது என்று ஷோகேஸைப் பார்த்தே சொல்லிவிடலாம். பாதி வீடுகளில் அந்தக் கொம்பு இருக்கும். நான் அதைக் கல் என்று நினைத்தேன். அம்மா செடி என்றாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய் வைத்து ஊதச் சொன்னார். தண்ணீர் பால்போல் மாறியது. அந்தப் பால் நிறத்துக்குக் காரணமான பொருளும் வீட்டுக் கொம்பும் ஒன்று என்று அன்று யாரும் சொல்லவில்லை. சுண்ணாம்பு கரைந்த நீரில் மூச்சுக் காற்றின் கரியமில வாயு சேர்ந்தால் கால்சியம் கார்பனேட். பவளப் பூச்சி கடல் தண்ணீரிலிருந்து எடுத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்வதும் அதே கால்சியம் கார்பனேட்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நவரத்தினத்தில் வைத்து மோதிரம் போடும் சிவப்புப் பவளம் நம் கடலில் விளைந்தது இல்லை. அது மத்தியதரைக் கடல் சரக்கு. இந்தியர்கள் பவளத்தை மதிப்பது ரோமர்கள் முத்தை மதிப்பதற்குச் சமம் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். எங்கள் அரிக்கமேட்டுக்குக் கப்பல் வந்த காலத்துச் சங்கதி அது. நம் மன்னார் வளைகுடாவில் இருப்பது வேறு: பாறை கட்டும் பவளம். அதை நாம் அணியவில்லை. சுட்டோம்.

தனுஷ்கோடிக்குப் போனவர்கள் 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரைப் பார்த்திருப்பார்கள். கிட்டப் போய்க் கையை வைத்துப் பாருங்கள். செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் தேன்கூடு மாதிரிக் கண்கண்ணாகத் துளைவிட்ட கல் இருக்கும். அவ்வளவும் பவளம். அந்தக் கரையோர மக்களுக்கு மலை கிடையாது, கருங்கல் கிடையாது. கடலுக்குள் இருந்த பாரை, அதாவது பவளத் திட்டை, பெயர்த்துச் சுவர் வைத்தார்கள். அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பின்னால் வந்தது வேறு அளவு. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் வள்ளம் வள்ளமாகப் பவளக் கல்லைப் பெயர்த்து வந்து சுண்ணாம்புக் காளவாய்க்கும் கார்பைடு ஆலைக்கும் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன். பார் இல்லாமல் போனதும் அலை நேரே தீவில் வந்து அடித்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விளாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. 1986-இல் அந்த 21 தீவுகளையும் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா ஆக்கியும் கல் எடுப்பது உடனே நிற்கவில்லை.

இதே கடலைப் பார்த்து வேறு மாதிரி ஆசைப்பட்ட ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். எட்கர் தர்ஸ்டன், 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி எழுதியவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். மண்டையோட்டை அளந்த ஆள் என்று கோபமும் உண்டு, நியாயமான கோபம். அதே ஆள் ராமேஸ்வரம் பக்கம் பார்களில் சுற்றி, முத்துக் குளிப்பையும் மன்னார் வளைகுடாவின் கடல் உயிர்களையும் பற்றி 1890-இல் ஒரு நூல் வெளியிட்டார். பாட்டிலில் சாராயம் ஊற்றி வைத்த மீனை எத்தனை நாள் பார்ப்பது என்று அவருக்கே அலுத்திருக்க வேண்டும். அவருடைய யோசனைப்படி மெரினா கடற்கரையில் ஒரு கடல்மீன் காட்சிசாலை கட்டினார்கள். 1909 அக்டோபர் 21-இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது. இந்தியாவில் அதுதான் முதல். திறப்பதற்குள் தர்ஸ்டன் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

அந்நாளில் பட்டணம் பார்க்கப் போகும் கிராமத்து ஜனங்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள், மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்பார்கள். இதைவிடத் துல்லியமாக எந்த அறிஞரும் பெயர் வைத்திருக்க முடியாது. மெரினா காட்சிசாலையை 1919 வரை நடத்தியது செத்த காலேஜ்காரர்கள்தான். அப்புறம் மீன்துறைக்குப் போயிற்று. 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது அதையும் மூடிவிட்டார்கள். பம்பு, வடிகட்டி எல்லாம் இன்றைய அளவில் இல்லாத காலத்தில், கண்ணாடித் தொட்டியில் கடல் உயிரை முப்பது வருடத்துக்கு மேல் காட்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கடல் பக்கத்திலேயே இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

எங்கள் வீட்டு ஷோகேஸ் செத்த காலேஜ். அதை உயிர் காலேஜ் ஆக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது மூர் மார்க்கெட்டில். பதினெட்டு வயது இருக்கும். செம்புக் கம்பி வாங்கச் சென்னைக்குப் போனவன், பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி, கிளி, புறா, வெள்ளை எலி விற்கும் இடத்துக்கு வந்தேன். கண்ணாடிச் சாடிகளில் தங்க மீன். இரண்டு வாங்கி, தூக்குச் சட்டியில் தண்ணீரோடு பஸ்ஸில் கொண்டுவந்தேன். திண்டிவனத்தில் ஒன்று போயிற்று. அடுத்த வருடம், 1985 மே மாதம், மூர் மார்க்கெட்டே எரிந்து போயிற்று. நன்னீர் மீன் வளர்ப்பதில் பத்துப் பன்னிரண்டு வருடம் போனது. சென்னைக் கொளத்தூர் மீன் வியாபாரிகள் எல்லாம் பழக்கமானார்கள். ஆனால் கண் அந்த வெள்ளைக் கொம்பின் மேலேயே இருந்தது. உயிரோடு இருந்தபோது அது என்ன நிறம்?

கடலை வீட்டுக்குள் வைக்கும் ஆசை 1850-களில் லண்டனில் ஒரு பைத்தியமாகவே பிடித்திருக்கிறது. பிலிப் ஹென்றி காஸ் என்பவர் 1854-இல் எழுதிய புத்தகம் அதற்கு எண்ணெய் ஊற்றியது. ஜாடியோடு சீமாட்டிகள் கடற்கரைக்கு இறங்கினார்கள். பாறைக் குழிகளில் இருந்த கடல் சாமந்திகளை உளியால் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பாதி வீடு போய்ச் சேரும் முன்பே அழுகின. காஸின் மகன் எட்மண்ட் வளர்ந்து 1907-இல் தன் அப்பாவைப் பற்றி எழுதியபோது, அப்பாவின் புத்தகத்தால் அந்தக் கரையோரமே சூறையாடப்பட்டதையும் மறைக்காமல் எழுதினார். ஆசையும் அழிவும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன.

கடல் மீனைத் தொட்டியில் வைப்பது வேறு, பவளத்தை வைப்பது வேறு. மீன் எப்படியோ பிழைத்தது. பவளம் செத்துக்கொண்டே இருந்தது. அதற்கு வழி காட்டியவர் ஐரோப்பியர் இல்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர். நம்மைப்போல வெயில் ஊர்க்காரர். 1961-இல் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் தன் முறையை எழுதினார். அவரிடம் வடிகட்டி கிடையாது. உயிர்ப் பாறை, அதாவது கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் புழுக்களும் பாசியும் குடியிருக்கும் கடற்கல், அப்படியே தொட்டிக்குள். இயற்கைக் கடல் தண்ணீர். ஒரு சின்ன காற்றுக் குழாய். சூரிய வெளிச்சம். அவ்வளவுதான். அழுக்கைத் தின்பதற்குக் கல்லுக்குள் ஆள் இருக்கிறது, நீ தண்ணீரை மட்டும் அசைத்துக்கொண்டிரு என்பதுதான் அவருடைய பாடம். அப்போது பலர் நம்பவில்லை. அந்த ஊர்க் கடல் அப்படி, அந்த ஊர் வெயில் அப்படி, நமக்கு வராது என்றார்கள்.

சென்னை நண்பர் ஒருவர் வைத்திருந்த நகலில்தான் அந்தக் கட்டுரையைப் படித்தேன். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அகராதி வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தேன். காயில் கட்டுபவனுக்கு அது புரிந்துவிட்டது: எல்லாமே சுற்று. சுற்று அறுந்தால் புகை.

லீயின் வழியைப் பிடித்துக்கொண்டு மேலே போனவர்கள் ஜெர்மன்காரர்கள். பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருந்து சோறு சமைத்துக் கொடுக்கிறது, அதற்குக் கடும் வெளிச்சம் வேண்டும் என்று விளக்கை ஏற்றினார்கள். நுரையோடு அழுக்கைத் தள்ளும் ஸ்கிம்மர் வைத்தார்கள். பீட்டர் வில்கென்ஸ் என்பவர் 1973-இல் வந்த தன் புத்தகத்தில் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். பவளம் தண்ணீரிலுள்ள கால்சியத்தைத் தின்று தீர்த்துவிடுகிறது; அதை ஈடுகட்டத் தெளிநீரைவிட மலிவான மருந்து இல்லை. அந்த இடத்தைப் படித்தபோது நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். நாம் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். அவன் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறான். அடுப்பங்கரையில் இருந்து என் வீட்டுக்காரி, "என்னங்க, தனியா சிரிக்கிறீங்க" என்று கேட்டாள். சொன்னேன். "அதுக்குத்தான் வெத்தலப் பெட்டியில இருக்கே" என்றாள்.

பெர்லினில் டீட்ரிஷ் ஸ்டூபர் என்று ஒருவர் தன் தொட்டியில் வளர்ந்த மான்கொம்புப் பவளத்தை ஒடித்து ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். ஒடித்த துண்டு கல்லில் பிடித்துக்கொண்டு மறுபடி கிளைத்தது. முருங்கைப் போத்து மாதிரி அது ஊர் ஊராக, தேசம் தேசமாகப் போயிற்று. கடலில் இருந்து எடுக்காமலே பவளம் வளர்க்கலாம் என்று உலகம் கண்டுகொண்டது அப்படித்தான்.

இலங்கையையும் விட முடியாது. தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்த ரொட்னி ஜோங்க்ளாஸ் முக்குளித்துப் பவளப்பாறை மீன் பிடித்து விமானத்தில் ஏற்றுமதி செய்தவர்களில் முன்னோடி. எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்குக்குக் கூட்டாளி. பாலித்தீன் பையும் விமானமும் இல்லையென்றால் இந்தப் பொழுதுபோக்கே உலகத்தில் இருந்திருக்காது.

என் கடலுக்கு வருகிறேன். முதலில் செய்த முட்டாள்தனம், மரக்காணம் கல்லுப்பு ஒரு மூட்டை வாங்கி போர் தண்ணீரில் கரைத்தது. கடல் என்றால் ஒரு லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. என் தொட்டி முன்னூறு லிட்டர் சொச்சம். பத்தரைக் கிலோ போட்டால் கடல் தயார் என்பது என் கணக்கு. விட்ட மீன் மறுநாள் காலை மிதந்தது. உப்பளத்துக்காரர் ஒருவரிடம் கேட்டபோதுதான் விளங்கிற்று. பாத்தியில் கால்சியம் முந்திக்கொண்டு படிந்துவிடும். அப்புறம் உப்பு விளையும். மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியமும் மற்றதும் போய்விடும். சோற்றுக்குப் போடும் உப்பு அந்த நடுப்பகுதி மட்டும்தான். கடலில் இருந்து ஒரு சரக்கை மட்டும் உருவியெடுத்து அதையே கடல் என்று நம்பியிருக்கிறேன்.

அப்புறம் வீராம்பட்டினம். அங்கே ஒரு மீனவத் தம்பியின் படகு மோட்டாருக்கு வைண்டிங் பார்த்துக் கொடுத்த பழக்கம். கரையில் தண்ணீர் எடுக்கக் கூடாது, அலை உடையும் இடம் தாண்டி உள்ளே போய் எடுக்க வேண்டும். இருபது லிட்டர் கேன் பத்து அவன் படகில் போகும். மழைக்காலத்தில் கேட்டால் தலையை ஆட்டிவிடுவான். "ஆத்துத் தண்ணி எறங்கிடுச்சுண்ணே. சுண்ணாம்பாறு வாய் செவப்பா கெடக்குது. வாடைக் காத்து அடங்கட்டும், அப்பறமா வா." அவன் சொன்னதை மதிக்காமல் ஒரு நவம்பரில் எடுத்துவந்து அளந்தேன். உப்பளவு முப்பதுக்குக் கீழே நின்றது. எங்கள் சங்கராபரணி மழைத் தண்ணீர்தான் அத்தனையும். செஞ்சிப் பக்கமிருந்து வில்லியனூர் வழியாக வரும் ஆறு, அரியாங்குப்பம் தாண்டிச் சுண்ணாம்பாறு என்ற பெயரில் கடலில் விழுகிறது. பெயரைக் கவனித்தீர்களா? என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது சுண்ணாம்பு. இப்போதெல்லாம் மார்ச், ஏப்ரலில் எடுத்து நீல டிரம்களில் மூடி இருட்டில் வைத்துவிடுகிறேன்.

1999-இல் ஒரு பாவம் செய்தேன். ராமேஸ்வரத்தில் ஒரு சங்கு வியாபாரி, உயிர்ப் பவளம் இருக்கிறது என்றார். ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். தொட்டியில் வைத்த அன்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் மீசை மாதிரி மெல்லிய விரல்கள் வெளியே வந்து தண்ணீரைத் தடவிக்கொண்டிருந்தன. பழுப்பு நிறம், நுனியில் லேசான நீலம். சின்ன வயதில் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். நாலாம் நாள் சதை நூல்நூலாக உரிந்தது. அழுகின முட்டை வாடை. ஐந்தாம் நாள் என் கையில் இருந்தது அப்பா 1974-இல் வாங்கி வந்த அதே வெள்ளைக் கொம்பு. அவர் செத்ததை வாங்கினார், நான் உயிரோடு வாங்கிக் கொன்றேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

2001 ஜூலை 11-இல் சட்டம் வந்தது. பாறை கட்டும் கல் பவளம், கரும்பவளம், குழல் பவளம், தீப்பவளம், கடல் விசிறி எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதுவே பவளத்துக்கும். எங்கள் பொழுதுபோக்கு வட்டத்தில் பலர் திட்டினார்கள். வீட்டில் ஒடித்து வளர்த்தால் கடலுக்கு என்ன நஷ்டம், ஜெர்மன்காரன் செய்யவில்லையா என்பது அவர்களுடைய வாதம். வாதம் சரிதான், காகிதத்தில். நம் ஊரில் ஒடித்து வளர்த்த துண்டு எது, பாரிலிருந்து பெயர்த்த துண்டு எது என்று எந்த அதிகாரி பார்த்துச் சொல்வார்? அந்த ஈரச் சாக்கைத் தூக்கி வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சட்டம் பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். இத்தனைக்கும், பவளப்பாறை பற்றிய முதல் சர்வதேசக் கருத்தரங்கு என்று இன்றைக்கு உலகம் கணக்கு வைப்பது, 1969 ஜனவரியில் நம் மண்டபத்தில் நடந்ததைத்தான். விஞ்ஞானிகள் கொட்டகைக்குள் பவளத்துக்கு வகைப்பெயர் பேசிய காலத்தில் அதே கரையில் காளவாய்க்குக் கல் இறங்கிக்கொண்டிருந்தது. 2017-இல் அலங்கார மீன் வியாபாரத்துக்கே கெடுபிடியாக விதிகள் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டன. அதைத் திட்டியவர்களில் நானும் உண்டு. எல்லாச் சட்டத்துக்கும் நான் வால் பிடிப்பதில்லை.

கல் பவளம் இல்லாமல் பாறைத் தொட்டி எப்படி? பாறையை நானே செய்தேன். வெள்ளை சிமெண்டு, இடித்த கிளிஞ்சல், கல்லுப்பு. ஈர மணலில் குழி பறித்து அதில் கொட்டிவிட வேண்டும். இறுகியதும் எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு கரைந்து, இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். தனுஷ்கோடிச் சுவர் மாதிரியே இருக்கும். உடனே தொட்டியில் வைத்தால் தண்ணீர் காரமாகி எல்லாம் சாகும். தினம் தண்ணீர் மாற்றி இரண்டு மாதம் ஊறவைத்தேன். வாசலில் கிடந்த கல்லைப் பார்த்துவிட்டு, வீடு கட்டப்போகிறோமா என்று தபால்காரர் கேட்டார். ஆறு மாதத்தில் அதன்மேல் ஊதாவும் ரோஜாவுமாகப் பவழப்பாசி தேமல்போலப் படர்ந்தது. அதுவும் சுண்ணாம்பு தின்னும் ஜாதிதான். டிரிப்ஸ் ஏறுவது அதற்காக.

தெளிநீர் செய்வது பெரிய வித்தை இல்லை. ஒரு லிட்டரில் ஒன்றரை கிராமுக்கு மேல் சுண்ணாம்பு கரையாது. மிச்சம் அடியில் தங்கிவிடும். ராத்திரி கலக்கி வைத்தால் காலையில் மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர் நிற்கும், அதன்மேல் பாலாடை போல ஒரு மெல்லிய ஏடு. விரலால் தொட்டால் சத்தமில்லாமல் உடையும். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப் படிந்த ஏடு அது. பவளம் கட்டும் அதே சரக்கு. அதை ஒதுக்கிவிட்டுத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். ஒருமுறை புதிதாக ஒரு கடையில் சுண்ணாம்பு வாங்கினேன். சுவருக்கு அடிக்கும் சரக்கு. பளிச்சென்று தெரிய நீலம் கலந்திருந்தார்கள். ராத்திரி விளக்கில் எனக்குத் தெரியவில்லை. காலையில் தொட்டி கோயில் குளம் போல் இருந்தது, நத்தைகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. கடைக்காரரைக் கேட்டால், "சுவருக்குன்னுதானே சார் குடுத்தேன், மீனுக்குன்னு சொன்னீங்களா?" என்கிறார். அதற்கு நான் என்ன சொல்ல?

கத்திரி வெயில் இன்னொரு கண்டம். தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டினால் பவள ஜாதி வெளிற ஆரம்பிக்கும். உள்ளே குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிட்டுப் பட்டினி கிடக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் நடந்தது அதுதான். கடலுக்கு விசிறி வைக்க முடியாது, தொட்டிக்கு வைக்கலாம். தண்ணீர் மட்டத்தின்மேல் இரண்டு விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்பு எங்கும் போகாது.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலை தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. எங்கள் தெருவில் ஒரு கம்பமும் நிற்கவில்லை. ஓட்டுக் கூரையில் பாதி போய், மேலே இருந்து விழுந்த ஓடு ஷோகேஸை உடைத்தது. அப்பாவின் வெள்ளைக் கொம்பு நாலு துண்டாயிற்று. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பம்பு நின்றுவிட்டது. நின்ற தண்ணீரில் காற்று தீர்ந்துபோகும். சொம்பில் மொண்டு ஊற்ற ஆரம்பித்தேன். "அப்படி ஊத்துனா ஆகாது, டீ ஆத்துற மாதிரி ஒசரத்துலேர்ந்து ஆத்துங்க" என்று என் வீட்டுக்காரி சொம்பை வாங்கிக்கொண்டாள். மாற்றி மாற்றி ராத்திரி முழுக்க ஆற்றினோம். மறுநாள் கடையில் இருந்து லாரி பேட்டரியும் பழைய வைப்பர் மோட்டாரும் கொண்டுவந்து, மோட்டாரில் தகரத் துடுப்பு மாட்டிக் கலக்க விட்டேன். பேட்டரி தீர்ந்தால் பக்கத்து வீட்டு டிராக்டரில் மாட்டி ஏற்றுவேன். மூன்றாம் நாள் கடல் சாமந்தி கரைந்து தண்ணீரைக் கெடுத்தது. நீல மீன் போயிற்று. இறால் போயிற்று. கோமாளி மீன் ஜோடியும் தோல் போன்ற மென்பவளமும் தாங்கின. பதினோராம் நாள் கரண்ட் வந்தது.

அந்தப் பதினோரு நாளில் ஊரில் குடிக்கத் தண்ணீருக்கு ஜனம் குடத்தோடு அலைந்தது. பகலெல்லாம் நான் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மோட்டார் ஓட்டிக் கொடுத்தேன். ஆனாலும் ஓடு பறந்த வீட்டில் மீனுக்குப் பேட்டரி ஏற்றியவன் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

இப்போது இருக்கும் கோமாளி ஜோடி கடலைப் பார்த்ததே இல்லை, பண்ணையில் பொரித்தவை. மண்டபத்து மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலும் பரங்கிப்பேட்டை அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்த பிறகுதான், மனசாட்சி உறுத்தாமல் வாங்க முடிகிறது. மென்பவளம் சென்னை நண்பர் கொடுத்த போத்து. நான் ஒடித்துக் கொடுத்தது இப்போது மூன்று வீடுகளில் இருக்கிறது.

ராமேஸ்வரத்தில் இன்றைக்கும் எந்தக் கடையிலாவது துணிக்கு அடியிலிருந்து வெள்ளைக் கொம்பை எடுத்துக் காட்டினால் வாங்காதீர்கள். மூன்றாண்டுக்குக் குறையாத சிறை உண்டு. சுண்ணாம்பு வேண்டுமென்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்குங்கள். நீலம் கலக்காததாகப் பார்த்து.